‘கபாலி’யைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா? – மன்றத் திரையிடல் குறித்து ஒரு விவாதம்

மன்றச் செயலாளர், பட்டர்வொர்த்

எங்கள் வட்டாரத் தமிழ் இளைஞர் மன்றம் வரும் பள்ளி விடுமுறையில், இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று முதல் படிவம் ஐந்து வரை (ஏறத்தாழ 13 முதல் 17 வயது வரை) படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படத்தைத் திரையிட்டு, அதன்பின் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதாகத் திட்டமிட்டிருக்கிறது. செயற்குழுவில் பெரும்பாலோர் சொன்ன படம் 2016ஆம் ஆண்டு பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த ‘கபாலி’. கதை நம் கோலாலம்பூரில் நடக்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் சம்பளப் போராட்டம் வருகிறது, கும்பலிலும் போதையிலும் சிக்கிய இளையோரை மீட்கும் ஒரு பள்ளியும் வருகிறது, ஆகவே நம் பிள்ளைகளோடு பேசுவதற்கு இதைவிட நெருக்கமான படம் கிடையாது என்பது அவர்கள் வாதம்.

மறுத்தவர்களின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. கதாநாயகனே ஒரு கும்பலின் தலைவர். அவர் பேசும் நியாயங்கள் எத்தனை இருந்தாலும், பையன்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப்போவது கோட்டும் கண்ணாடியும் துப்பாக்கியும்தான் என்கிறார்கள். எங்கள் மன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலரின் குடும்பத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது என்பதால் எனக்கும் தயக்கம் உண்டு. ஒரு வன்முறைப் படம் பதின்ம வயதினருக்கு ஏற்றதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று, பிள்ளைகளோடு பழகுகிறவர்களும் திரைத்துறை அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ரஜினி நல்ல நடிகரா இல்லையா என்ற சண்டைக்கு இந்த இணைய விவாத மேடையில் ஏற்கெனவே போதுமான இழைகள் இருக்கின்றன. அதை அங்கேயே வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செந்தூல் வாசகர்

செயலாளர் அவர்களே, இதில் இவ்வளவு தயக்கம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இந்தியத் தணிக்கை வாரியம் இந்தப் படத்துக்கு ‘யு’ சான்றிதழ் கொடுத்தது. அதாவது ஆறு வயதுக் குழந்தையும் பார்க்கலாம் என்று ஓர் அரசாங்க அமைப்பே சொல்லிவிட்ட படத்தைப் பதினாறு வயதுப் பையனுக்குக் காட்டலாமா என்று நாம் இங்கே வாதாடிக்கொண்டிருக்கிறோம். மலேசியத் தமிழரின் வாழ்க்கையை, பால்மரக் காட்டிலிருந்து நகரத்துக்குத் தள்ளப்பட்ட கதையை, உலகமே பார்க்கும் திரையில் வைத்த படங்கள் எத்தனை இருக்கின்றன? அந்த ஒன்றையும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைப்பானேன்?

பழைய திரைச்சுருள், கோலாலம்பூர்

நான் பல ஆண்டுகள் படவிநியோகத்தில் வேலை செய்தவன். ‘யு’ சான்றிதழை வைத்துத் தம்பி வாதாடுவதால் அந்தச் சான்றிதழின் பின்னணியைச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 முதல் 2017 வரை ஒரு படத்துக்குக் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமானால், தலைப்பு தமிழில் இருப்பதோடு ‘யு’ சான்றிதழும் கட்டாயம். சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டும் என்று ‘யு/ஏ’ கிடைத்தால் வரிவிலக்கு போய்விடும். ஆகவே அந்த ஆண்டுகளில் பெரிய படங்களின் தயாரிப்பாளர்கள் வெட்டச் சொன்ன இடத்தையெல்லாம் வெட்டி, ஒலியை மங்க வைத்து, இரத்தத்தின் நிறத்தைக் குறைத்து, எப்பாடுபட்டாவது ‘யு’ வாங்கிவிடுவார்கள். 2017 ஜூலையில் இந்தியாவில் ஜிஎஸ்டி என்ற சரக்கு, சேவை வரி வந்த பிறகுதான் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஆகவே அக்காலத்து ‘யு’ என்பது இரத்தம் எவ்வளவு தெரிகிறது என்பதற்கான அளவுகோலாகவும், வரிக் கணக்குக்கான நுழைவுச் சீட்டாகவும் இருந்ததே தவிர, ஒரு பிள்ளையின் மனத்தை யாரும் எடைபோட்டுக் கொடுத்த தீர்ப்பாக இருந்ததில்லை. இன்றைக்கும் இழுபறி ஓயவில்லை. 2025இல் ரஜினியின் ‘கூலி’ படத்துக்குப் பெரியவர்களுக்கு மட்டும் என்ற ‘ஏ’ கொடுத்தபோது, ‘யு/ஏ’ வேண்டுமென்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடும்பக் கூட்டம் வராமல் வசூல் குறைகிறதே என்ற கவலைதான் அந்த வழக்கின் அடியில் இருந்தது என்பது என் கருத்து.

நம் நாட்டு முறை வேறு. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ், உள்துறை அமைச்சைச் சேர்ந்த திரைப்படத் தணிக்கை வாரியம் வகைப்படுத்துகிறது. இப்போதைய வகைகள் யு (எல்லோருக்கும்), பி12 (12 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டல்), 13, 16, 18 (அந்தந்த வயது நிறைந்தோருக்கு) என்பவை. முன்பு பி13 என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாப் பதின்ம வயதினரையும் அடைத்து வைத்திருந்தார்கள். 13க்கும் 16க்கும் இடையே கோடு போட்டது உருப்படியான காரியம். படிவம் ஒன்றில் இருப்பவனும் படிவம் நான்கில் இருப்பவனும் ஒரே பார்வையாளர் அல்லர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலும் 2023இல் சட்டத்தைத் திருத்தி ‘யு/ஏ’வை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

செயலாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் வாரியம் ஒப்புதல் அளிக்காத பிரதியைத் திரையிடுவது குற்றம். யாரோ தரவிறக்கி வைத்திருக்கும் இந்தியப் பிரதியைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டிவிடலாம் என்று செயற்குழுவில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வாங்கிய இணையத் திரைச் சேவையின் சந்தாவும் மண்டபத்தில் திரையிட உரிமை தராது. உரிமை வைத்திருப்பவரிடம் எழுதிக் கேட்கத்தான் வேண்டும்.

பிரதி எது என்பது இந்தப் படத்தில் வெறும் சட்டச் சிக்கல் மட்டுமன்று. மற்ற நாடுகளில் ஓடிய பிரதியின் முடிவில், கபாலியின் பள்ளியோடு தொடர்புடைய ஓர் இளைஞன் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு அவரை நெருங்குவான். திரை இருண்டு, சுடும் ஒலி கேட்கும். யார் சுட்டது, என்ன ஆனது என்பது நமக்கே விடப்படும். மலேசியாவில் ஓடிய பிரதியில், கபாலி போலீசாரிடம் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டு முடித்தார்கள். இதுவொன்றும் புதிய வித்தை அன்று. 1932இல் அமெரிக்காவில் ‘ஸ்கார்ஃபேஸ்’ என்ற குண்டர் படம் வந்தபோதும், தணிக்கையாளர்களைச் சமாதானப்படுத்துவதற்காக நாயகன் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்படுவதாக இன்னொரு முடிவை எடுத்துச் சேர்த்தார்கள். ‘தேசத்தின் அவமானம்’ என்று துணைத்தலைப்பும் போட்டார்கள். இரண்டரை மணி நேரம் ஒருவரைக் கொண்டாடிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி எழுதிப் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை தணிக்கைக்காரர்களுக்கு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. எந்தப் பார்வையாளருக்கும் அது இருந்ததாகத் தெரியவில்லை.

சுங்கை பாக்காப் அம்மா

என் கருத்து நேரானது. வேண்டாம்.

என் அண்ணன் மகன் பதினேழு வயதில் ஒரு கும்பலோடு சேர்ந்து, இன்று வரை அந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அலைந்துகொண்டிருக்கிறது. அவன் படம் பார்த்துக் கெட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன பிறகு அவன் நடை, பேச்சு, முடிவெட்டு, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் எங்கிருந்து எடுத்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கலந்துரையாடல் வைப்போம் என்கிறீர்கள். படம் இரண்டரை மணி நேரம், கலந்துரையாடல் அரை மணி நேரம், அதிலும் பாதிப் பிள்ளைகள் மீ கோரெங் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மன்றத்தில் நல்ல காரியம் செய்ய வேறு வழியே இல்லையா, ஐயா?

கட்டொழுங்கு ஆசிரியை, செபராங் பிறை

அம்மாவின் வேதனை எனக்குப் புரிகிறது. இடைநிலைப் பள்ளியில் நான் ஒவ்வோர் ஆண்டும் அப்படிப்பட்ட தாய்மாரோடு பேசுகிறவள். ஆனாலும் இந்தப் படத்தைப் பற்றிய என் முடிவு ‘வேண்டாம்’ என்பதாக இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் குண்டர் கும்பல்கள் என்று 49 குழுக்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அந்தக் குழுக்களில் பல எண்களாலேயே அறியப்படுகின்றன. எந்த எண்கள் என்று இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் எழுதுவதே ஒரு விளம்பரம். எங்கள் பள்ளியில் நான் முதலில் பார்ப்பது இரத்தத்தை அன்று. பென்சில் பெட்டியின் உள்மூடியில் வெள்ளைத் திருத்த மையால் எழுதிய இரண்டு இலக்கங்களைப் பார்ப்பேன். வகுப்புப் படம் எடுக்கும்போது பின்வரிசையில் ஒருவன் மட்டும் விரல்களை வித்தியாசமாக மடக்கி வைத்திருப்பான். புகைப்படக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ‘கபாலி’யில் வரும் கும்பல்களும் இரண்டு இலக்க எண்களைத்தான் தாங்கி நிற்கின்றன. சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது கதையின் ஓர் அலங்காரம். செபராங் பிறையில் படிவம் இரண்டு படிக்கும் பையனுக்கு அது தன் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கிக் கதவில் கிறுக்கியிருக்கும் சங்கதி. ஒரே படம் இரண்டு ஊரில் ஒரே படமாக இருப்பதில்லை. அதனால்தான் இந்தியச் சான்றிதழ் நமக்குப் பாதி விடையைத்தான் தரும் என்கிறேன்.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும், “டீச்சர், அதில் வெட்டு குத்து அதிகமா?” என்பதுதான். வெட்டு குத்து எவ்வளவு என்பதை வைத்து அளந்தால், எங்கள் மாணவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய படங்கள் பலவும் தப்பிவிடும். ஒரு சொட்டு இரத்தம் காட்டாமலேயே ஒரு படம் கும்பல் வாழ்க்கையைச் சொர்க்கமாகக் காட்டிவிட முடியும். கும்பல் ஒரு பையனை எப்படி எடுக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். முதல் நாளே யாரும் பாராங் என்ற வெட்டுக்கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. பள்ளிக்கு வெளியே பெரிய பையன்கள் அவனை மிரட்டும்போது ஓர் ‘அண்ணன்’ வந்து நிற்பார். அதற்குப் பிறகு யாரும் அவனைத் தொட மாட்டார்கள். ஒரு மாலை பர்கர் கடையில் அவன் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார். மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார் என்று சாவியைத் தருவார். அப்பா வீட்டில் இல்லாத, அல்லது இருந்தும் பேசாத பையனுக்கு அந்தச் சாவி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பல வாரங்களுக்குப் பிறகுதான், “இந்தப் பொட்டலத்தை அந்தக் கடையில் கொடுத்துவிட்டு வா” என்ற பேச்சு வரும். மறுக்க முடியாது. வாங்கித் தின்றாயிற்று.

ஆகவே ஒரு குண்டர் படத்தைப் பார்க்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: சேரும்போது கிடைக்கும் மரியாதையையும் பாசத்தையும் காட்டுகிற அளவுக்கு, பின்னால் வருகிற கணக்கையும் காட்டுகிறதா? வெட்டுப்பட்டவனுக்கு ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு தங்கை உண்டா, இல்லை கூட்டத்தில் விழுகிற ஒருவனாகப் போய்விடுகிறானா? தலைவனுக்காகச் சாகிற சின்னப் பையனைப் படம் நினைவு வைத்திருக்கிறதா? இந்த இடத்தில் ‘கபாலி’ பாதிக் கிணறு தாண்டிய படம். இருபத்தைந்து ஆண்டு சிறை, சிதறிய குடும்பம், இறந்துவிட்டாள் என்று நம்பிய மனைவி, கொலைத் தொழிலில் வளர்ந்த மகள் என்று விலையைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்த விலையைக் கட்டுவது நாயகனும் அவர் குடும்பமும் மட்டுமே. அவரைச் சுற்றி விழுகிற பையன்களின் வீட்டுக்கு ஒளிப்படக் கருவி போவதே இல்லை.

என்னிடம் கேட்டால், பிள்ளைகளோடு பேசுவதற்குக் கபாலியைவிடப் பொருத்தமானவன் கடைசியில் துப்பாக்கியோடு வருகிற அந்த இளைஞன்தான். அவனைப் பெரியவர்கள் கருவியாக்குகிறார்கள். கும்பலும் போலீசும் எதிரெதிராக நிற்கும் உலகத்தில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவன் எப்போதும் பதினெட்டு, இருபது வயதுக்காரன். மலேசியப் பிரதியில் அந்த முடிவு கரைந்துபோவது எனக்கு நட்டமாகவே தெரிகிறது. ஒழுக்கத்துக்காகச் சேர்த்த இரண்டு வரி, படத்தில் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்பட்ட பாத்திரத்தை மங்கலாக்கிவிட்டது.

எஸ்பிஎம் மாணவன்

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வயது பதினேழு, இந்த ஆண்டு படிவம் ஐந்து முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வை எழுதுகிறேன்.

நீங்கள் திரையிடலாமா வேண்டாமா என்று விவாதிக்கிற படத்தை எங்கள் வகுப்பில் முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு; துண்டு துண்டாகப் பார்க்காதவர் யாருமே இல்லை. டிக்டாக்கில் இருபது விநாடி காணொளிகளாக வருகிறது. நாயகன் காரிலிருந்து இறங்குவார், கோட்டைச் சரிசெய்வார், மெதுவான நடை, பின்னணி இசை, முடிந்தது. அடுத்த துண்டில் வேறொரு படத்தின் வேறொரு நாயகன் அதே மாதிரி இறங்குவார். கீழே கருத்துப் பகுதியில் ஆசிரியை அவர்கள் எழுத மாட்டேன் என்று சொன்ன அந்த எண்களை எழுதியிருப்பார்கள். சிறையில் கழிந்த ஆண்டுகளோ மனைவியைத் தேடி அலைவதோ எந்தத் துண்டிலும் வருவதில்லை, ஏனென்றால் அதற்கு யாரும் விருப்பக்குறி போடுவதில்லை. என் தம்பி படிவம் ஒன்று. அவனுக்கு ‘கபாலி’ என்றால் அந்த இருபது விநாடிதான். முழுப் படத்தையும் உட்கார வைத்துக் காட்டினால் அவனுக்குத் தீங்கு கூடுமா குறையுமா என்று என்னைக் கேட்டால், குறையும் என்றுதான் சொல்வேன். ஆனால் படம் நீளம். அவன் உட்காருவானா என்பது வேறு கேள்வி.

இரவுப்பணி தாதி, பினாங்கு

தம்பி நன்றாகச் சொன்னான். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். சினிமா காட்டாத ஒரு பகுதி எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

பாராங் வெட்டோடு வருகிற பையன்களுக்குக் காயம் பெரும்பாலும் முன்கையில் இருக்கும். தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்குவது மனித இயல்பு. அந்த இடத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேயே விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் ஓடுகின்றன. அவை அறுந்தால் கை இருக்கும், விரல்கள் நிமிரா. அறுவை மேசையில் அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் கட்டையில் கட்டி வைக்க வேண்டும், அதன்பின் மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை. நரம்பும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். பட்டறையில் ஸ்பேனர் பிடித்து வேலை கற்றுக்கொண்டிருந்த ஒருவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவன் அம்மா போட்டுவிட்டார். அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் வெட்டுப்பட்டவன் ஒன்று உடனே சாகிறான், இல்லையென்றால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த சண்டைக்கு வந்துவிடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நீண்ட காலத்தை எந்தப் படமும் காட்டுவதில்லை. இரத்தத்தை மறைத்துச் சிறிய வயதுக்கு ஏற்றதாக்கும் வெட்டு முறையில் எனக்கு உடன்பாடில்லாததற்கும் இதுவே காரணம். இரத்தத்தை எடுத்துவிட்டால் வன்முறை போய்விடுவதில்லை. வலி மட்டும் போய்விடுகிறது. வலியில்லாத வன்முறையைத்தான் பதின்மூன்று வயதுக்கு ஏற்றது என்று நாம் பெட்டி கட்டிக் கொடுக்கிறோம்.

பழைய திரைச்சுருள், கோலாலம்பூர்

தாதி அம்மா சொன்னதற்கு ஆய்வு வழியிலும் ஆதாரம் உண்டு. 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் மிகுந்த வசூல் படங்களை ஆண்டு வாரியாக எடுத்துப் பார்த்து, 13 வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 வகைப் படங்களில் துப்பாக்கி வன்முறை 1985இலிருந்து மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டதாகக் கண்டது. அந்த வகை 1984இல் பிள்ளைகளைக் காக்கவென்றே உருவாக்கப்பட்டது. ஆபாசச் சொல்லையும் இரத்தத்தையும் எண்ணுகிறவர்கள் சுடப்பட்ட ஆட்களை எண்ணாமல் விட்டதன் விளைவு அது. நம் வகைப்பாட்டிலும் அந்த ஆபத்து இல்லையென்று சொல்ல முடியாது.

செந்தூல் வாசகர்

எல்லோரும் சொல்வதைப் படித்தேன். ஆசிரியை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் இந்த இழை போகும் போக்கில் ஒரு வசதியான மறதி இருப்பதாக எனக்குப் படுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, அங்கே பல தலைமுறையாக இருந்த நம் மக்கள் கையில் சிறு தொகையோடு நகர ஓரத்துக்கு வந்தார்கள். புறம்போக்குக் குடிசை, பிறகு மலிவுவிலை அடுக்குமாடி. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன; ஒருவர் பிள்ளையை இன்னொருவர் அதட்டுவார். அடுக்குமாடியில் பதினேழு மாடிக்கும் சேர்த்து ஒரு வாகன நிறுத்துமிடம். பெற்றோர் இருவரும் தொழிற்சாலை ஷிப்டில். அந்த வெற்றிடத்தில்தான் ஆசிரியை சொன்ன ‘அண்ணன்’ வந்து நின்றார். எந்தப் படமும் அவரை அனுப்பி வைக்கவில்லை. இதைச் சொல்கிற துணிவு ‘கபாலி’க்கு ஓரளவாவது இருந்தது. நாம் பேச வேண்டியதைப் பேசாமல், படத்தின் மேல் பழியைப் போட்டு, பிள்ளைகளின் கண்ணை மூடிவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுவது எனக்கு ஒப்பவில்லை.

கட்டொழுங்கு ஆசிரியை, செபராங் பிறை

சகோதரர் சொன்ன வரலாற்றில் எனக்கு ஒரு வரிகூட மறுப்பில்லை. படம்தான் கும்பலை உண்டாக்கியது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வெற்றிடத்தில் வந்து நிற்கும் அந்த ஆளுக்கு உடை கொடுப்பதும் வசனம் கொடுப்பதும் பின்னணி இசை கொடுப்பதும் சினிமா. வறுமை அவனைப் பையனின் வாசலுக்குக் கொண்டு வந்தால், கதவைத் திறக்க வைப்பது அந்தத் தோரணைதான். நீங்கள் சொன்ன வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் திரையிடலாம் என்ற பக்கமே நான் இருக்கிறேன். எல்லா வயதுக்கும் அன்று என்பது மட்டும்தான் நம்மிடையே வேறுபாடு.

படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளிடம் நான் கண்டது, அவர்கள் கதையின் பக்கம் நிற்பதில்லை, ஆளின் பக்கம் நிற்கிறார்கள். யார் வெல்கிறாரோ அவர் சொல்வது சரி. படிவம் நான்குக்கு வரும்போது, “அவர் அப்படிச் செய்தது நியாயமா டீச்சர்?” என்று கேட்கத் தொடங்குகிறார்கள். எல்லோரும் அல்லர். சிலர் இருபத்தைந்து வயதிலும் கேட்பதில்லை. ஆனாலும் கோடு போடச் சொன்னால் அங்கேதான் போடுவேன்.

சுங்கை பாக்காப் அம்மா

அப்படியானால் சின்னவர்களை விட்டுவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால், பெற்றோர் ஒருவராவது கூட உட்கார வேண்டும் என்று வையுங்கள். எங்கள் தலைமுறைக்கும் அந்தப் பேச்சு தேவைப்படுகிறது. தாதி அம்மா சொன்ன பையனின் கையைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது நேரில் சொல்வார்களா?

இரவுப்பணி தாதி, பினாங்கு

என் பணி நேரம் ஒத்துவந்தால் நானே வருகிறேன், அக்கா. படங்களைக் காட்டிப் பயமுறுத்த மாட்டேன். பயமுறுத்தினால் பையன்கள் சிரித்துவிடுவார்கள். ஒரு கட்டையைக் கையில் கட்டிவிட்டு, அந்தக் கையால் கைப்பேசியில் ஒரு செய்தி எழுதச் சொல்வேன்.

மன்றச் செயலாளர், பட்டர்வொர்த்

கருத்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு செயற்குழு கூடியது. இந்த இழையை அச்செடுத்தே கொண்டு போனேன்.

திரையிடல் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். பெற்றோரில் ஒருவர் உடன் இருப்பது கட்டாயம். உரிமை வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதுகிறோம். மலேசியாவில் ஒப்புதல் பெற்ற பிரதியும் அதற்கு வாரியம் கொடுத்த வகைப்பாடும் கைக்கு வந்த பிறகுதான் நாள் குறிப்போம், அந்த வகைப்பாடு எங்கள் வயது வரம்பைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். திரைச்சுருள் ஐயா, மண்டபத் திரையிடலுக்கான கடிதத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று தனிமடலில் சொன்னால் உதவியாக இருக்கும்.

படத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவில் ஒருமுறை நிறுத்திப் பேசுவது என்றும், கடைசியில் வரும் எழுத்து வரிகளை ஓடவிட்ட பிறகு, வெளிநாட்டில் இந்தப் படம் வேறுவிதமாக முடிந்தது என்பதை ஆசிரியை வாய்மொழியாகச் சொல்லி, அந்த இளைஞனைப் பற்றிய கேள்விகளைப் பிள்ளைகளிடம் விடுவது என்றும் பேசியிருக்கிறோம். மாணவத் தம்பி, அந்த இருபது விநாடித் துண்டுகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தர முடியுமா? கீழே எழுதப்பட்ட எண்கள் தெரியாதவாறு, காட்சியை மட்டும். படத்துக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டுத் தொடங்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம்.

சாப்பாடு கலந்துரையாடலுக்கு முன்பே கொடுக்கப்படும்.

எஸ்பிஎம் மாணவன்

தருகிறேன் ஐயா. ஆனால் என் தம்பிக்கு வயது போதாது என்பதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான்.